படம் பிடிப்பவரும் தீர்ப்பிடுபவரும்

எட்டாம் கற்பனை பொய் பேசுவதை விலக்குகின்றது என்பது ஞானோபதேசம் படிக்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். பொய்ச்சாட்சி, அவதூறு, கோள், புறங்கூறல் என்பனவும் அதன்கீழ் அடங்கும் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே பட்டியலில் இன்னுமொன்று உண்டு. அதை அநேகர் மறந்துவிடுகிறோம். அவசரத் தீர்ப்பு என்பது அதன் பெயர். போதிய ஆதாரமின்றி, அயலவர் ஒருவர் குற்றஞ்செய்துவிட்டார் என்று மனதிலே நிச்சயித்துக்கொள்வதுதான் அது. வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமலே இக்குற்றத்தைச் செய்துவிடலாம்.

இதனைப் பாடமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி. அதிலே கமெராவும் உண்டு, இணையமும் உண்டு. வீதியில் நடப்பதைப் படம் பிடிக்கவும், எங்கோ முன்பின் அறியாத ஊரில் பிடிக்கப்பட்ட படத்தைப் பார்த்து அதிலுள்ளவருக்குத் தீர்ப்புச் சொல்லவும் அந்த ஒரே கருவி போதும். படம் பிடிப்பவரைப் பொலிஸார் எப்படி நடத்தவேண்டும், படத்தைப் பார்ப்பவர் அதிலுள்ளவரை எப்படி நடத்தவேண்டும் என்பவை இரு வேறு கேள்விகள் போலத் தோன்றும். அவ்விரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் நடந்த இரு சம்பவங்களைக்கொண்டு பார்ப்போம்.

பூங்காவில் ஒரு கைது

பொஸ்ரன், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் தலைநகர். கத்தோலிக்கர் பெருந்தொகையாக வாழும் பழைய பட்டினம். அதன் நடுவே 'பொஸ்ரன் கொமன்' என்னும் பொதுப் பூங்கா இருக்கின்றது. 2007ம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 1ம் திகதி மாலை அப்பூங்காவின் அருகே நடந்துகொண்டிருந்த ஒரு சட்டத்தரணி, பொலிஸார் மூவர் ஓர் இளைஞனைப் பிடித்துக் கைது செய்வதைக் கண்டார். இளைஞனுக்கு நோகின்றது, நிறுத்துங்கள் என்று யாரோ சொல்வது அவர் காதில் விழுந்தது. பொலிஸார் அளவுக்கு மிஞ்சிப் பலத்தைப் பிரயோகிக்கிறார்களோ என்று ஐயுற்ற அவர், ஏறக்குறைய பத்து அடி தூரத்தில் நின்றவாறே தமது கைத்தொலைபேசியில் அக்காட்சியைப் பதிவு செய்தார். குறுக்கே போகவில்லை, கூச்சலிடவுமில்லை.

இளைஞனுக்கு விலங்கிட்டபின் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் திரும்பி, எடுத்த படங்கள் போதும் என்ற பொருளில் ஏதோ சொன்னார். தாம் பதிவு செய்வதாகவும், இளைஞனைக் குத்தியதைத் தாம் கண்டதாகவும் சட்டத்தரணி பதிலளித்தார். குரலும் பதிவாகின்றதா என்று உத்தியோகத்தர் கேட்டார். ஆம் என்றதும் அவர் கைகளிலும் விலங்கு விழுந்தது. பொலிஸ் நிலையத்தில் அவரது கைத்தொலைபேசியையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒட்டுக்கேட்டலைத் தடைசெய்யும் சட்டத்தை மீறியமை, பொது அமைதியைக் குலைத்தமை, கைதி தப்புவதற்கு உதவியமை என மூன்று குற்றச்சாட்டுகள் பதியப்பட்டன.

இக்குற்றச்சாட்டுகளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கைதி தப்ப உதவினாராம்! விலங்கிடப்பட்டவன் பொலிஸாரின் பிடியிலே நிற்கிறான். பத்து அடிக்கு அப்பாலுள்ள ஒரு கைத்தொலைபேசி அவனை எப்படித் தப்பவைக்கும்? வழக்குத் தொடுத்த தரப்பே இதனைக் கைவிட்டுவிட்டது. ஒட்டுக்கேட்டல் பற்றிய மாநிலச் சட்டம் இரகசியமாகப் பதிவு செய்வதைத்தான் தடுக்கின்றது; எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பிடித்திருந்த கருவியில் இரகசியம் ஏது? அமைதி குலைந்த கதையும் நிலைக்கவில்லை. தம்மைப் படம் பிடிப்பது பொலிஸாருக்கு மனவருத்தத்தைத் தந்ததென்பதற்காக, சட்டம் அனுமதிக்கும் செயல் குற்றமாகிவிடாது என்று கண்ட நீதிபதி, 2008 பெப்ரவரியில் எஞ்சிய இரண்டையும் தள்ளுபடி செய்தார்.

இரகசியம் என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு பாரமானது என்பதற்கு அதே மாநிலத்தின் முந்திய வழக்கொன்றும் உண்டு. 1998ல் பொலிஸார் மறித்த வாகனமொன்றின் சாரதி, அங்கு நடந்த பேச்சை மறைவாகப் பதிவு செய்தார். சில நாட்களின் பின்னர், தம்மை நடத்திய விதம் பற்றி முறையிடுவதற்காக அந்தப் பதிவைத் தாமே பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். பதிவு செய்த குற்றத்துக்காக அவர் மீதே வழக்கு வந்தது. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 2001ல் உறுதிசெய்தது. பொது இடத்தில் கடமையிலிருக்கும் பொலிஸாரை மறைவாகப் பதிவு செய்வதையும் இச்சட்டம் கொண்டு தண்டிக்கலாகாது என்று சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்வதற்கு 2020 டிசெம்பர் வரை செல்லவேண்டியிருந்தது.

பூங்காச் சட்டத்தரணி அத்துடன் விடவில்லை. தொடக்கத்தில் பொலிஸ் திணைக்களம் அவரது முறைப்பாட்டைக் கவனிக்கவில்லை. 2010ல் அவர் உத்தியோகத்தர்கள் மீதும் நகரத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். 2011 ஓகஸ்ட் 26ம் திகதி சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் கடமையாற்றும் அரசாங்க உத்தியோகத்தரைப் படம் பிடிக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. அது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்ற உரிமை. பத்திரிகையாளருக்கு எவ்வளவோ சாதாரண மனிதருக்கும் அவ்வளவு. இதுவே அதன் சாரம். உரிமைக்கு எல்லைகள் உண்டென்பதையும் நீதிமன்றம் சொல்லத் தவறவில்லை. நேரம், இடம், விதம் பார்த்து நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கப்படலாம். இவர் தூரத்தில் நின்றார், வேலைக்கு இடைஞ்சல் செய்யவில்லை என்பதையும் அது கணக்கிலெடுத்தது. 2012 மார்ச்சில் பொஸ்ரன் நகரசபை 170,000 டொலர் கொடுத்து வழக்கை இணக்கமாக முடித்தது.

பொலிஸாரின் பக்கமும் சொல்லவேண்டும். கைது செய்யும் நேரம் பயங்கரமான நேரம். பிடிபட்டவன் கத்தி வைத்திருக்கிறானா, சுற்றி நிற்பவர்களில் யார் அவனுடைய கூட்டாளி என்பதெல்லாம் உத்தியோகத்தருக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் யாரோ எதையோ நீட்டினால் நெஞ்சு திடுக்கிடும். முகத்துக்கு முன்னே கருவியை நீட்டி, வழியை அடைத்து, வசைமொழியும் பேசி, பிறகு 'எனக்கு உரிமை உண்டு' என்று சொல்பவரும் இருக்கத்தான் செய்கிறார்கள். காயப்பட்டவரைத் தூக்குவதற்கு ஒரு கை கொடுக்காமல், இரண்டு கைகளாலும் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை நம்முடைய வீதிகளிலும் காண்கிறோம். அதை எந்த உரிமையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின்னரும், படம் பிடிப்பதைத் தடுப்பதால் இழக்கப்படுவது என்ன என்று கேட்கவேண்டியிருக்கின்றது. 2020ம் ஆண்டு மே 25ம் திகதி அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பின மனிதர் பொலிஸ் பிடியில் இறந்தார். பொலிஸார் வெளியிட்ட முதலாவது அறிக்கை அதனை ஒரு சுகவீனச் சம்பவம் என்று கூறியது. கழுத்தின்மேல் முழங்கால் வைத்து அழுத்தப்பட்டதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. சிறிய மைத்துனியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்த 17 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, நடைபாதையில் நின்று நடந்ததைத் தனது கைத்தொலைபேசியில் பதிவு செய்திருந்தாள். அந்தப் பிள்ளை வீட்டிலே இருந்திருந்தால் அறிக்கை அப்படியே நின்றிருக்கவும் கூடும்.

ஆனால் வாசகரே, அதன்பின் நடந்ததையும் கவனியுங்கள். அவ்வளவு தெளிவான படம் கையிலிருந்தும், நீதிமன்றம் அந்தப் படத்தை மட்டும் ஓடவிட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. 2021ல் ஏறக்குறைய மூன்று வாரங்களாகச் சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். மரணத்தின் காரணத்தை வைத்தியர்கள் விளக்கினார்கள். எதிர்த்தரப்பின் வைத்தியரும் மறுத்துப் பேசினார். அடித்ததையும் அழுத்தியதையும் படம் காட்டும். மூச்சு எதனால் நின்றது என்பதை அறிய வைத்தியம் தெரிந்தவர் வேண்டும். ஏப்ரல் 20ம் திகதி ஜூரிகள் அந்த உத்தியோகத்தரைக் குற்றவாளியாகக் கண்டார்கள்.

வட்டம் போட்டவர்கள்

இனி மறுபடியும் பொஸ்ரனுக்கு வருவோம். 2013ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ம் திகதி, திங்கட்கிழமை, அந்நகரின் பெயர்பெற்ற மரதன் ஓட்டம். பிற்பகலில் முடிவெல்லையின் அருகே இரண்டு குண்டுகள் சில செக்கன் இடைவெளியில் வெடித்தன. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உட்பட மூவர் இறந்தனர். 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கால்களை இழந்தவர் பலர். ஓட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் அனைவரிடமும் கமெரா இருந்தது. எடுத்த படங்களைத் தந்துதவும்படி சமஷ்டிப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டது. ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. இதுவரையில் எல்லாம் சரியே. படம் பிடிப்பவர் நீதிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

அதே படங்களில் பல இணையத்திலும் கிடைத்தன. 'ரெடிற்' என்னும் இணையத்தளத்திலும் வேறு தளங்களிலும் ஆயிரக்கணக்கானோர் தாமே துப்பறியத் தொடங்கினார்கள். முதுகில் பையுள்ளவர்களைத் தேடி முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். மண்ணிறத் தோல் உடையவர் என்றால் வட்டம் இன்னும் விரைவாக விழுந்தது. ஓட்டத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதுகூட ஒருவருக்கு எதிரான சான்றாயிற்று. அந்தத் தெருவில் அன்று எத்தனை பேர் பையுடன் நின்றிருப்பார்கள் என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர்களில் ஒருவன் மொறொக்கோவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய 17 வயதுப் பாடசாலை மாணவன். தானும் ஓட்ட வீரன். தன் படம் இணையத்தில் சுற்றுவதைக் கண்டு, தன்மேல் குற்றமில்லை என்று சொல்வதற்குத் தானே பொலிஸாரிடம் போனான். அப்படியிருந்தும் 18ம் திகதி 'நியூயோர்க் போஸ்ற்' பத்திரிகை அவனையும் அவனுடன் நின்ற இன்னொருவரையும் முதற்பக்கம் முழுவதும் பெரிதாகப் போட்டு, பைக்காரர்கள் என்று தலைப்பிட்டது. அன்று மாலையே எப்.பி.ஐ. உண்மையான சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டது. அவர்கள் வேறு இருவர். பத்திரிகைமேல் தொடுக்கப்பட்ட வழக்கு 2014ல் இணக்கத்துக்கு வந்தது.

அன்றிரவு நடந்தது இதிலும் கொடியது. அயல் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரிலுள்ள பிறவுண் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவர் மார்ச் மாத நடுப்பகுதியிலிருந்து காணாமற் போயிருந்தார். மனச்சோர்வினால் வருந்தியவர். மகனைத் தேடிய குடும்பத்தார் அவருடைய படத்துடன் முகநூலில் ஒரு பக்கம் திறந்து, கண்டவர்கள் சொல்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எப்.பி.ஐ. வெளியிட்ட மங்கலான படமொன்று அவரைப் போல இருக்கின்றது என்று யாரோ சொன்னார். பொலிஸ் வானொலியிலே அவர் பெயர் சொல்லப்பட்டதென்று இன்னொருவர் எழுதினார். பின்னர் அந்த ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தபோது அப்படியொரு பெயர் அதில் இல்லை. ஆனால் அதற்குள் ஆயிரமாயிரம் பேர் அதை அனுப்பிவிட்டார்கள். பத்திரிகையாளர் சிலரும் அதில் இருந்தார்கள். தாயும் தந்தையும் மகனுக்காகத் திறந்த பக்கம் சாபங்களாலும் மிரட்டல்களாலும் நிரம்பியது. அதை அவர்கள் மூடவேண்டியதாயிற்று.

விடியும்போது உண்மையான குற்றவாளிகளின் பெயர்கள் வெளிவந்தன. ஏப்ரல் 23ம் திகதி அந்த மாணவரின் உடல் புரொவிடன்ஸ் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. உலகம் அவரைக் கொலைகாரன் என்று ஏசிக்கொண்டிருந்தபோது அவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது வேண்டிய அளவுக்குமேல் எழுதப்பட்டுவிட்டது.

சந்தேகத்தின் மூன்று படிகள்

புனித தோமஸ் அக்குவினாஸ் 13ம் நூற்றாண்டில் எழுதிய இறையியல் தொகுப்பில், நீதியைப் பற்றிய பகுதியில், சந்தேகத்தைக்கொண்டு தீர்ப்பிடலாமா என்ற கேள்வியை எடுக்கிறார். அவர் காலத்தில் கமெரா இல்லை. என்றாலும் பொஸ்ரனைக் கண்டு எழுதியவர் போலவே எழுதியிருக்கிறார்.

சந்தேகம் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகின்றது என்கிறார். தானே தீயவனாயிருப்பவன் பிறரையும் அவ்வாறே எண்ணுவான். ஒருவர்மேல் வெறுப்போ பொறாமையோ உள்ளவன், அற்ப அடையாளத்தைக் கண்டதும் அவரிடம் தீமையைக் கற்பித்துக்கொள்வான். மூன்றாவது ஊற்று நீண்ட அனுபவம். பலரால் ஏமாற்றப்பட்ட வயோதிபர் எவரையும் இலகுவில் நம்பார். முதலிரண்டும் மனதின் கோணல். மூன்றாவது அப்படியல்ல என்று வேறுபடுத்துகிறார். இருபது வருடம் களவையும் கொலையையும் பார்த்த பொலிஸ்காரர் படம் பிடிப்பவரைச் சந்தேகிப்பது இந்த மூன்றாவது வகையாக இருக்கலாம். மண்ணிறத் தோலைக் கண்டதும் வட்டம் போட்டவருடைய சந்தேகம் எந்த ஊற்றிலிருந்து வந்ததென்று நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்து, சந்தேகத்துக்கு மூன்று படிகள் காட்டுகிறார். அற்பச் சான்றைக்கொண்டு ஒருவருடைய நன்மையை ஐயுறத் தொடங்குவது முதற்படி. மனிதப் பலவீனத்தில் அதற்குத் தப்புவார் இல்லை. அது அற்பப் பாவம். அதே அற்பச் சான்றைக்கொண்டு அவர் தீயவரே என்று நிச்சயித்துவிடுவது இரண்டாம் படி. விஷயம் பாரதூரமானதாயின் இது சாவான பாவம். சந்தேகத்தை மாத்திரம் வைத்து நீதிபதி ஒருவர் தண்டனை வழங்கிவிடுவது மூன்றாம் படி. அது நேரடியான அநீதி. பூங்காவில் சட்டத்தரணிக்கு விலங்கிட்டவர்கள் மூன்றாம் படியில் நின்றார்கள். இணையத்தில் வட்டம் போட்டவர்கள் இரண்டாம் படியில் நின்றதாக நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தாயின் பக்கத்தில் மிரட்டல் எழுதிய கையும் தண்டனை கொடுத்த கையே.

சந்தேகத்துக்கு இடமான காரியங்களை நல்ல பக்கமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது அவருடைய முடிவு. கெட்டவரை நல்லவரென்று நினைத்துப் பலமுறை ஏமாந்தாலும், நல்லவரை ஒருமுறை கெட்டவரென்று நினைப்பதிலும் பார்க்க அது மேல். ஏனெனில் பின்னையதில் ஒருவருக்கு அநியாயம் செய்யப்படுகின்றது. அப்படியானால் பொலிஸார் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் அவரிடம் விடை உண்டு. தீமைக்குப் பரிகாரம் தேடும்போது மோசமானது நேரக்கூடும் என்று வைத்துக்கொண்டு ஆயத்தம் செய்யலாம். அது ஆளைத் தீர்ப்பிடுவதாகாது. ஆகவே உத்தியோகத்தர் கவனித்திருக்கலாம், அருகே வந்து கேட்கலாம், சற்று விலகி நிற்கும்படி சொல்லலாம். காரணமில்லாமல் விலங்கிடவும், கருவியைப் பறிக்கவும் முடியாது.

நமது நாட்டில்

2019ம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு நமக்கு மறக்கக்கூடியதன்று. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என ஒரே காலையில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நான்கு நாட்களின் பின் பொலிஸார் தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டனர். அதிலிருந்த ஒரு படம், இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த, இந்தத் தாக்குதலுடன் எவ்விதத் தொடர்புமில்லாத ஓர் இளம் முஸ்லிம் பெண்ணினுடையது. வேறொருவரின் பெயருக்கு அவர் முகத்தைப் போட்டுவிட்டார்கள். அவரும் அதே பிறவுண் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பொலிஸார் தவறை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். ஆனால் அதற்குள் கொலை மிரட்டல்கள் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. புலன்விசாரணை செய்பவரும் ஒரு முகத்தைக் கண்டு ஏமாறலாம் என்றால், வீட்டிலிருந்து பார்க்கும் நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

மே மாதம் 12ம் திகதி சிலாபத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய சில சொற்களை, வரப்போகும் தாக்குதலின் முன்னறிவிப்பென்று சிலர் வாசித்தார்கள். என்ன கருத்தில் எழுதினீர் என்று அவரைக் கேட்டறிய எவருக்கும் பொறுமையிருக்கவில்லை. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடுத்த நாள் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கலவரம் பரவியது. ஒரு மனிதர் கொல்லப்பட்டார். சிலாபம் கத்தோலிக்கர் நிறைந்த பட்டினம். நமது இறந்தோரை அடக்கஞ்செய்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கோபம் விளங்கக்கூடியதே. ஆயினும் அந்தக் கடைக்காரர் செய்யாததற்காக அவர்மேல் தீர்க்கப்பட்ட கோபம் அது. பழிவாங்க வேண்டாமென்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அந்நாட்களில் விடுத்த வேண்டுகோளைக் கேட்டு அடங்கியிருந்தோர் தொகை பெரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தானியேல் ஆகமம் 13ம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாற்றை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மூப்பர் இருவர் கண்ணால் கண்ட சாட்சிகளாக வருகிறார்கள். கௌரவமானவர்கள், நீதிபதிகள், சபை உடனே நம்பிவிடுகின்றது, மரண தண்டனையும் தீர்ந்துவிடுகின்றது. இளைஞனான தானியேல் செய்ததெல்லாம், இருவரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என்று கேட்டதுதான். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள். ஒரு படம் நமது கையில் வரும்போதும் கேட்கவேண்டியது அதே விதமான சின்னக் கேள்விதான். எங்கே பிடிக்கப்பட்டது? எந்த ஆண்டு? பிடித்தவர் யார்? படம் தொடங்குவதற்கு முந்திய நிமிடத்தில் என்ன நடந்தது? பொலிஸ்காரர் ஒருவர் பிரம்பை ஓங்கிய கணமே படத்தில் இருக்கும். அவர்மேல் கல் விழுந்த கணம் வெட்டப்பட்டிருக்கலாம். வெட்டப்படாமலும் இருக்கலாம். விடை தெரியாதவரையில் அதை அனுப்பவேண்டிய அவசியம் நமக்கில்லை.

நமது நாட்டின் 1978ம் ஆண்டு அரசியலமைப்பு இரு பக்கத்தையும் காக்கின்றது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 14ம் உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் வெளியீட்டுக்கும் சுதந்திரம் தருகின்றது. தேசிய பாதுகாப்பு முதலியவற்றுக்காகச் சட்டத்தால் எல்லையிடவும் 15ம் உறுப்புரை இடம் வைக்கின்றது. படை முகாம் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களைப் படம் பிடிக்கப் போகவேண்டாம். 13ம் உறுப்புரையின்படி சட்டம் வகுத்த முறையிலன்றி எவரையும் கைது செய்யலாகாது; கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும். குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் குற்றமற்றவர் என்று ஊகிக்கப்படவேண்டுமென்பதும் அதே உறுப்புரையிலேயே இருக்கின்றது. படம் பிடித்ததற்காகப் பிடிக்கப்பட்ட மகனுக்கும், படத்தில் அகப்பட்ட பொலிஸ்காரருக்கும் அந்த ஒரே வாசகம்தான்.

வீதியில் உத்தியோகத்தர் ஒருவர் மறித்தால் ஓடவோ வாதாடவோ வேண்டாம். மரியாதையாகப் பெயர் சொல்லி, காரணம் கேட்டு, அவருடைய இலக்கத்தையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு 126ம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம் மாத்திரமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அதில் சேராது. பலர் இந்த ஒரு மாதத்தைக் கோபத்திலும் பயத்திலும் போக்கிவிடுகிறார்கள்.

அவசரத் தீர்ப்பினால் அயலவருடைய நற்பெயரைக் கெடுத்தவர், மன்னிப்புக் கேட்பதுடன் நில்லாமல், கெட்டதைச் சரிசெய்யவும் கடமைப்பட்டவர் என்பது திருச்சபையின் போதனை. களவெடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் போன்றது அது. ரெடிற் தளத்தின் பொறுப்பாளர் 2013 ஏப்ரல் 22ம் திகதி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நம்மில் ஒருவர் பொய்யான ஒரு படத்தை ஐந்து குழுக்களுக்கு அனுப்பியிருந்தால், அது பொய் என்ற செய்தியை அதே ஐந்து குழுக்களுக்கும், தம்முடைய பெயரிலேயே, அனுப்பவேண்டும். படத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால், பார்த்தவர்கள் நம்பியபடியே இருப்பார்கள். எந்தெந்தக் குழுக்களுக்கு அனுப்பினோம் என்பது மறந்துபோயிருந்தால், அதையும் அந்தக் கைத்தொலைபேசியிலேயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.